ஆல்பீஸ் போட்ட கையெழுத்து

2023 டிசம்பரில் சியாட்டில் மரினர்ஸ் அணி மூன்று ஆட்டக்காரர்களை எங்கள் அட்லாண்டா ப்ரேவ்ஸுக்கு அனுப்பியது. பேஸ்பாலில் அணிகள் ஆள் மாற்றிக்கொள்வது சாதாரணம்தான். ஆனால் அந்த மூவரில் இருவருடைய பெயரை ஒரே செய்தியில் சேர்த்துப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒருவர் எவன் ஒயிட். 2019 நவம்பரில், அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாத நிலையில், ஆறு வருடத்துக்கு 2.4 கோடி டாலர் என்று மரினர்ஸோடு ஒப்பந்தம் போட்டவர். இன்னொருவர் ஜாரெட் கெலனிக். மேஜர் லீக்கில் கால் வைக்கும் முன்பே இவருக்கும் அதே அணி ஆறு வருட ஒப்பந்தம் ஒன்றை நீட்டியது. சில நாள் யோசித்துவிட்டு, என் ஆட்டத்தை நம்பிக் காத்திருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். இந்த விஷயம் வெளியே வந்ததே, அப்போதைய மரினர்ஸ் தலைவர் கெவின் மாதர் 2021 பிப்ரவரியில் ஒரு ரோட்டரி கிளப் கூட்டத்தில் இதையெல்லாம் மனம்விட்டுப் பேசி, அந்த வீடியோ பரவியதால்தான். பேச்சு வெளியான கையோடு அவர் பதவி விலக வேண்டியதாயிற்று.

கையெழுத்துப் போட்ட ஒயிட் 2020இல் ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது வாங்கினார். ஆனால் பேட்டிங் சராசரி .176, அதாவது பத்து முயற்சியில் இரண்டுகூட உருப்படியான அடி இல்லை. அப்புறம் இடுப்பில் காயம், அறுவை சிகிச்சை. மறுத்த கெலனிக்கின் முதல் வருட சராசரி .181. இருவருமே எதிர்பார்த்த உயரத்துக்குப் போகவில்லை. ஒயிட்டின் கையில் 2.4 கோடிக்கு உறுதி இருந்தது, கெலனிக்கின் கையில் அப்படி எதுவும் இல்லை.

இதை மட்டும் பார்த்தால், கிடைக்கும்போதே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் பல வருடமாக ப்ரேவ்ஸ் ரசிகன். இந்த மாதிரி ஒப்பந்தங்களாலேயே கட்டப்பட்ட அணி அது. எனக்கு அவ்வளவு சுலபமாக ஒரு பக்கம் சாய முடியவில்லை. எங்கள் ஆஸி ஆல்பீஸ் போட்ட ஒப்பந்தம்தான் காரணம்.

முதலில் இந்த ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். மேஜர் லீக்குக்கு வரும் ஒரு பையன் முதல் ஆறு வருடம் தன்னைக் கொண்டுவந்த அணிக்கே கட்டுப்பட்டவன். வேறு அணியோடு பேசவே முடியாது. முதல் மூன்று வருடம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம், 2019இல் அது 5.55 லட்சம் டாலர், 2025இல் 7.6 லட்சம். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன்: ஆட்டக்காரர் ஒரு தொகை கேட்பார், அணி ஒரு தொகை சொல்லும், ஒத்துவராவிட்டால் நடுவர் குழு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஆறு வருடம் முடிந்த பிறகுதான் ஃப்ரீ ஏஜென்ட். அப்போதுதான் முப்பது அணிகளும் அவனுக்காகப் போட்டி போடலாம், உண்மையான விலை தெரியும். பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் வயது முப்பதை ஒட்டி ஆகியிருக்கும்.

இந்த ஆறு வருடத்தை நாள் கணக்கில் எண்ணுவார்கள். 172 நாள் அணியில் இருந்தால் ஒரு வருடம். 2015இல் கிரிஸ் பிரையன்ட்டை சிகாகோ கப்ஸ் சீசன் தொடங்கிச் சில நாள் கழித்து மேலே கொண்டுவந்தது. அவருக்கு அந்த வருடம் 171 நாள்தான் சேர்ந்தது. அந்த ஒரு நாளால் அவருடைய விடுதலை ஒரு முழு வருடம் தள்ளிப்போனது. அவர் முறையிட்டார், 2020இல் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது.

இளம் ஆட்டக்காரரோடு சீக்கிரமே போடும் நீண்ட ஒப்பந்தம் இந்தக் கட்டமைப்புக்குள்தான் வருகிறது. அணி சொல்வது இது: ஆறு வருடம் வருடாவருடம் பேரம் பேச வேண்டாம், இப்போதே மொத்தத் தொகைக்கு உறுதி தருகிறோம். காயம் பட்டாலும் ஆட்டம் போனாலும் பணம் உண்டு. பதிலுக்கு, நீ ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் நாளை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போட வேண்டும்.

இதை ஒரு கொள்கையாகவே செய்து காட்டியவர் கிளீவ்லேண்ட் அணியின் பொது மேலாளர் ஜான் ஹார்ட். 1991இல் 105 ஆட்டம் தோற்ற அணி அது. 1992இல் சான்டி அலோமர், கார்லோஸ் பேர்கா போன்ற இளைஞர்களை ஆர்பிட்ரேஷன் வருவதற்கு முன்பே பல வருட ஒப்பந்தத்தில் கட்டினார். புது மைதானம் 1994இல் திறந்தது. 1995இலும் 1997இலும் அணி, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடருக்குப் போனது, 455 ஆட்டங்களுக்குத் தொடர்ந்து டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. அதே ஹார்ட் 2013இன் இறுதியில் ஆலோசகராக அட்லாண்டாவுக்கு வந்தார். அடுத்த சில மாதங்களில் ஃப்ரெடி ஃப்ரீமன், ஆண்ட்ரெல்டன் சிமன்ஸ், கிரெய்க் கிம்ப்ரெல் என்று வரிசையாக நீண்ட ஒப்பந்தங்கள். எங்கள் அணிக்கு இந்தப் பழக்கம் வந்த வழி அதுதான்.

தம்பா பே ரேஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2008 ஏப்ரலில் எவன் லாங்கோரியா மேஜர் லீக்குக்கு வந்து ஆறே நாளில் ஆறு வருடத்துக்கு 1.75 கோடி டாலர், அதற்கு மேல் மூன்று வருடம் அணியின் விருப்பம் (அணி நினைத்தால் முன்பே எழுதிய விலைக்கு வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்) என்று கையெழுத்தானது. அந்த வருடமே அவர் சிறந்த புதுமுகம், அணி உலகத் தொடரில். பேஸ்பாலில் மிக லாபமான ஒப்பந்தம் என்று அதை வருடக்கணக்கில் எழுதினார்கள். லாபம் யாருக்கு என்பதைத்தான் யாரும் அதிகம் எழுதவில்லை.

சரி, ஆல்பீஸுக்கு வருகிறேன்.

ஆஸி ஆல்பீஸ் கரீபியன் கடலில் இருக்கும் குராசாவ் தீவுக்காரர். ஐந்தடி எட்டு அங்குலம். செகண்ட் பேஸில் நிற்பார், இடது, வலது இரண்டு பக்கமும் நின்று அடிப்பார், எந்நேரமும் சிரித்த முகம். 2019 ஏப்ரலில், அவருக்கு 22 வயதாக இருந்தபோது, ஏழு வருடத்துக்கு 3.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குச் சில நாள் முன்புதான் அவருடைய நண்பர் ரொனால்ட் அகூன்யா, வெனிசுவேலாக்காரர், 21 வயது, எட்டு வருடத்துக்கு 10 கோடி என்று போட்டிருந்தார். அகூன்யாவின் ஒப்பந்தமே குறைவு என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ஆல்பீஸ் விஷயம் வந்ததும் வாயடைத்துப் போனார்கள். ஏஜென்டுகள், நிருபர்கள், மற்ற அணிக்காரர்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் விமர்சனம். குடும்பம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், பணம் மட்டும் குறியல்ல என்பதுதான் ஆல்பீஸ் சொன்ன பதிலின் சாரம்.

அந்த ஒப்பந்தத்தை வருடம் வருடமாகப் பிரித்துப் பார்த்தால்தான் புரியும். 2019இலும் 2020இலும் தலா 10 லட்சம், 2021இல் 30 லட்சம், 2022இல் 50 லட்சம், 2023 முதல் 2025 வரை வருடம் 70 லட்சம். இதன் பிறகு 2026, 2027 இரண்டு வருடமும் அணியின் விருப்பம், அதே 70 லட்சத்துக்கு. 2026இல் வேண்டாம் என்று அணி விட்டால் ஆல்பீஸுக்கு 40 லட்சம் கொடுத்து அனுப்ப வேண்டும். எப்படியும் 40 லட்சம் போகப்போகிறது என்றால், அவரை வைத்துக்கொள்ள அணிக்குக் கூடுதலாக ஆகும் செலவு வெறும் 30 லட்சம்தான்.

கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் அவர் 2023 சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட். அந்த 2023இல் என்ன நடந்தது தெரியுமா? 33 ஹோம் ரன், 109 ரன்களை அடித்து உள்ளே கொண்டுவந்தார். 26 வயது, வாழ்க்கையிலேயே ஆகச் சிறந்த சீசன். அதற்கு இரண்டு வருடம் முன்பு மார்கஸ் செமியன் என்ற செகண்ட் பேஸ் ஆட்டக்காரரை, 31 வயதில், டெக்சஸ் அணி ஏழு வருடத்துக்கு 17.5 கோடி கொடுத்து எடுத்திருந்தது. வருடத்துக்கு 2.5 கோடி. ஆல்பீஸுக்கு அந்தக் குளிர்காலத்தில் சந்தைக் கதவு திறந்திருந்தால் இதைவிடக் குறைவாகவா கிடைத்திருக்கும்?

இங்கேதான் பலரும் கதையை நிறுத்துகிறார்கள். எனக்கு அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். 2024 ஜூலையில் இடது மணிக்கட்டு முறிந்தது. செப்டம்பரில் திரும்பி வந்தவரால் இடது பக்கம் நின்று அடிக்க முடியவில்லை, வலது பக்கம் மட்டுமே அடித்து ஒப்பேற்றினார். இதற்கு முன் 2022இலும் பாதத்தில் முறிவு, மாதக்கணக்கில் ஓய்வு, செப்டம்பரில் திரும்பிய மறுநாளே சுண்டுவிரலில் முறிவு. 2025இல் பேட்டிங் இன்னும் இறங்கியது. ஆக, அவர் உச்சத்தில் இருந்த அந்த ஒரு குளிர்காலம் ஒப்பந்தத்தின் நடுவில் போய்விட்டது. அது திரும்ப வராது. 2025 நவம்பரில் ப்ரேவ்ஸ் தன் விருப்பத்தைப் பயன்படுத்தி 2026க்கும் அவரை வைத்துக்கொண்டது. கூடுதல் செலவு 30 லட்சம் என்னும்போது வைத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? 2027க்கான விருப்பமும் அணியின் கையில்தான். அதையும் எடுத்தால், அவர் முதன்முறையாக மற்ற அணிகளோடு பேசும்போது 31ஐ நெருங்கியிருப்பார்.

2025 கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனாரை ட்ரூயிஸ்ட் பார்க் மைதானத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆட்டம் அவருக்குப் புதிது. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கணக்கு வழக்குப் பார்த்த மனிதர். செகண்ட் பேஸில் நிற்பவருக்கு வருடம் 70 லட்சம், பக்கத்தில் ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கும் மேட் ஓல்சனுக்கு 2.2 கோடி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பையன் கையெழுத்துப் போடுறப்ப பேங்க்ல எவ்வளவு வெச்சிருந்தான் மாப்பிள்ளை?"

"தெரியலைங்க மாமா. பதினாறு வயசுல அணியில சேர்த்தப்ப மூன்றரை லட்சம் டாலர் கொடுத்தாங்க."

"அதுல இருந்துதான் எல்லாம் வரும்" என்றார். அவ்வளவுதான். மறுபடி ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கண்ணோட்டத்தில் தேடிப் பார்த்தேன். அகூன்யா அணியில் சேர்ந்தபோது வாங்கியது 1 லட்சம் டாலர். ஒப்பந்தத்தை மறுத்த கெலனிக், 2018இல் புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் முதல் சுற்றில் தேர்ந்தெடுத்தபோது 45 லட்சம் வாங்கியிருந்தார். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர், ஏழு வருடத்துக்கு 2.3 கோடி தருகிறோம் என்று அணி நீட்டியதை மேஜர் லீக்குக்கு வரும் முன்பே மறுத்தவர் என்று செய்தி வந்தது. அவர் சேரும்போதே 25 லட்சத்துக்கு மேல் வாங்கியவர். 2021இல் டொரன்டோ அவரை ஆறு வருடத்துக்கு 15 கோடி கொடுத்து எடுத்தது. ஹுவான் சோட்டோ 2022இல் வாஷிங்டன் கொடுத்த 44 கோடியையே வேண்டாம் என்றார். அந்த ஒரு வருடச் சம்பளமே அவருக்கு 1.71 கோடி, அதனால் அவரால் காத்திருக்க முடிந்தது. 2024 டிசம்பரில் மெட்ஸோடு 76.5 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார்.

இதை ஒரு விதியாக்க முடியாது. ஒயிட், லாங்கோரியா இருவரும் முதல் சுற்றில் வந்து லட்சங்கள் வாங்கியவர்கள்தான், அவர்களும் போட்டார்கள். மனிதருக்கு மனிதர் துணிச்சல் வேறு. ஆனாலும் வெனிசுவேலா, குராசாவ், டொமினிகன் குடியரசு என்று பதினாறு வயதில் வரும் பையன்களுக்கும் அமெரிக்காவில் முதல் சுற்றில் வரும் பையன்களுக்கும் பேர மேஜையில் ஒரே பலம் இல்லை.

அதற்கு நடுவில், மேஜர் லீக்குக்கு ஏறும் படிகளாக மைனர் லீக் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பந்தங்களைப் பேசக்கூடாது. 2020 வரை அதன் கீழ்ப்படிகளில் ஒன்றான சிங்கிள்-ஏ நிலையில் வாரத்துக்குக் குறைந்தபட்சம் 290 டாலர். அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும், வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளமே கிடையாது. 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பெரிய செலவின மசோதாவுக்குள் ஒரு பிரிவைச் சேர்த்து, இந்தப் பையன்களுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் தரத் தேவையில்லை என்று ஆக்கியது. பழைய ஆட்டக்காரர்கள் போட்ட வழக்கு 2022இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அதே வருடம் மைனர் லீக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள், 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தது, சிங்கிள்-ஏ சம்பளம் வருடத்துக்கு 26,200 டாலர் ஆனது. நல்ல முன்னேற்றம். ஆனால் ஆல்பீஸும் அகூன்யாவும் ஏறிவந்தது பழைய ஏணியில். வருங்காலச் சம்பளத்தில் ஒரு பங்கு கொடு, இப்போது ரொக்கம் தருகிறோம் என்று மைனர் லீக் பையன்களோடு ஒப்பந்தம் போடும் நிறுவனமே உண்டு. சான் டியாகோவின் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் மைனர் லீக்கில் இருந்தபோது அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டவர். 2021இல் 34 கோடி ஒப்பந்தம் கிடைத்தபோது அதிலும் அந்தப் பங்கு போகும் நிலை. 2025இல் வழக்குப் போட்டார்.

அணிகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 2014இல் ஹூஸ்டன், மேஜர் லீக்கில் ஆடாத ஜான் சிங்கிள்டனுக்கு ஐந்து வருடத்துக்கு 1 கோடி உறுதி கொடுத்தது. அப்படிச் செய்த முதல் அணி அதுதான். முதல் சீசனில் பேட்டிங் சராசரி .168. அடுத்த வருடத்தோடு மேஜர் லீக்கிலிருந்தே போய்விட்டார், 2023இல்தான் திரும்பினார். எங்கள் பந்து வீச்சாளர் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2022 அக்டோபரில் ஆறு வருடத்துக்கு 7.5 கோடி என்று போட்டார். 2023இல் 281 ஸ்டிரைக்அவுட், அதாவது பந்தாலேயே பேட்டரை வெளியேற்றுவது. 2024 ஏப்ரலில் முழங்கையில் அறுவை சிகிச்சை. பந்து வீசுபவருக்கு முழங்கைதான் சொத்து. ஸ்ட்ரைடர் கையெழுத்துப் போட்டது தவறு என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அகூன்யாவுக்கு 2021இல் ஒரு முழங்கால், 2024இல் இன்னொரு முழங்கால். நடுவில் 2023இல் 41 ஹோம் ரன், 73 பேஸ் திருட்டு (பந்து வீசும் நேரத்தில் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), ஒருமனதாக எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்த எம்விபி வருடத்தில் அவர் சம்பளம் 1.7 கோடி.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. அணி ஒரே சமயத்தில் ஐந்தாறு பேரிடம் இந்தப் பந்தயத்தைக் கட்டலாம். ஒருவர் தேறாவிட்டால் இன்னொருவர் ஈடுகட்டுவார். ஆட்டக்காரருக்கு இருப்பது ஒரே உடம்பு, ஒரே வாழ்க்கை. அதனால் உறுதித் தொகைக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது அவருக்கு நியாயமான வியாபாரம்தான். என் மனக்குறை அங்கே இல்லை, கடைசியில் ஒட்டிவைக்கும் ‘அணியின் விருப்பம்’ வருடங்களில்தான் இருக்கிறது. ஆட்டக்காரர் சறுக்கினால் அணி கைகழுவிவிடலாம், ஜொலித்தால் பழைய விலைக்கே பிடித்துவைக்கலாம். உறுதி தருகிறோம் என்று சொல்லி வாங்கும் ஒப்பந்தத்தில், உறுதியே இல்லாத வருடங்கள் இவை. 27 முதல் 30 வரை என்பது ஒரு பேட்டருடைய நல்ல வயது, அதைப் போய்க் குறிவைக்கிறது.

கான்சஸ் சிட்டி ராயல்ஸ் செய்தது இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. வெனிசுவேலாவின் சால்வடோர் பெரெஸ், கேட்சர். 2012 பிப்ரவரியில், வெறும் 39 மேஜர் லீக் ஆட்டம் ஆடியிருந்தபோது, ஐந்து வருடத்துக்கு 70 லட்சம் என்று போட்டார். வருடத்துக்கு அல்ல, மொத்தமே 70 லட்சம். அதற்கு மேல் மூன்று வருடம் அணியின் விருப்பம். அந்த ஒப்பந்தத்தின்போதே மூன்று கோல்டு கிளவ் வாங்கினார், 2015 உலகத் தொடரின் எம்விபி ஆனார். மூன்று வருடத்தையும் பழைய விலைக்கே எடுத்துக்கொள்ளச் சட்டப்படி அணிக்கு முழு உரிமை இருந்தது. 2016 மார்ச்சில் அந்த மூன்று வருடத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்து வருடத்துக்கு 5.25 கோடி என்று புதிதாக எழுதினார்கள். பொது மேலாளர் டேட்டன் மூர் காலத்தில் நடந்தது இது. பெரெஸ் இன்றுவரை வேறு அணிச் சட்டை போடவில்லை.

ப்ரேவ்ஸ் ஆல்பீஸுக்கு இதைச் செய்திருக்கலாம், குறிப்பாக 2023க்குப் பிறகு. 2021இல் கோப்பை வாங்கிய அணி, மைதானத்தைச் சுற்றிக் கடைகளும் அடுக்குமாடிகளுமாக வருமானம் கொழிக்கும் அணி. செய்யவில்லை. சட்டப்படி தப்பில்லை என்று அலுவலக நண்பர் ஒவ்வொரு முறையும் சொல்வார். சட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை.

இப்போது இந்தப் போக்கு இன்னும் இளைய வயதுக்குப் போய்விட்டது. 2023 டிசம்பரில் மில்வாக்கி, ஜாக்சன் சூரியோ என்ற 19 வயது வெனிசுவேலாப் பையனுக்கு, ஒரு மேஜர் லீக் ஆட்டமும் ஆடாதபோதே, எட்டு வருடத்துக்கு 8.2 கோடி கொடுத்தது. ஆல்பீஸ் காலத்தோடு ஒப்பிட்டால் தொகை எவ்வளவோ மேல். அடுத்த வருடமே 20 ஹோம் ரன்னும் 20 பேஸ் திருட்டும் ஒரே சீசனில் எடுத்த மிக இளையவர் ஆனார். அந்த ஒப்பந்தத்திலும் கடைசியில் இரண்டு வருடம் அணியின் விருப்பம்தான்.

மேஜர் லீக்கின் இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. சம்பள உச்சவரம்பு பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆட்டக்காரர் சங்கம் இரண்டு விஷயத்தை விடாமல் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. முதல் மூன்று வருடச் சம்பளத்தை உயர்த்த வேண்டும், அவசரத்துக்குக் கையெழுத்துப் போடும் நெருக்கடி அப்போதுதான் குறையும். அடுத்து, 25 வயதுக்கு உட்பட்டவரின் ஒப்பந்தத்தில் அணியின் விருப்பம் என்று ஒரு வருடம் எழுதினால், அந்த வருடத்தின் விலை அவர் அதற்கு முந்தைய சீசன்களில் ஆடிய ஆட்டத்தைப் பொறுத்து ஏற வேண்டும், எழுதிய அன்றே பூட்டிவைக்கக் கூடாது. சியாட்டிலின் ஹூலியோ ரோட்ரிகெஸ் 2022இல் போட்ட ஒப்பந்தத்தில் எம்விபி வாக்கெடுப்பில் எந்த இடம் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்து விருப்ப வருடங்களின் தொகை ஏறும்படி எழுதியிருக்கிறார்கள். 20.93 கோடி உறுதியில் தொடங்கி 47 கோடி வரை போகக்கூடிய ஒப்பந்தம் அது. எழுத மனமிருந்தால் எழுத முடிகிறது.